வெள்ளை ஆடி, இரண்டே நகர்த்தலில்

போன வாரம் நம் பள்ளிக்கூடக் குழுவில் ஒருவர் கேட்டிருந்தீர்கள்: “எட்டாவது படிக்கறப்போ செஸ்ல காப்பியடிச்சு மாட்டுன புள்ள நீதான?” கூடவே விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மைகள் நாலு.

நான் பதில் போடவில்லை. கேட்டவர் மேல் கோபம் இல்லை. நமக்கெல்லாம் நாற்பது ஆகிவிட்டது. நம்மில் இரண்டு பேர் பேரன் எடுத்தாயிற்று. எனக்குக் கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோக்க வருவதில்லை. இந்த வயதில் பழையதைச் சொல்லிச் சிரிப்பது வழக்கம்தான். ஆனால் ‘ஆமாம்’ என்று போடவும் விரல் வரவில்லை, ‘இல்லை’ என்று போடவும் வரவில்லை. போனில் ஒரு வரியில் முடிகிற பதில் இல்லை அது. உட்கார்ந்து எழுதினால்தான் உண்டு என்று எழுதுகிறேன்.

இரண்டாயிரம் பிறந்தால் உலகம் அழிந்துவிடும் என்று நம் மலைமேல் சோளக்காட்டுச் சந்தையில் பேசிக்கொண்ட வருடம் அது. ஆடியில் பிடித்த மழை விடவே இல்லை. உங்களுக்கு நினைவிருக்கும், மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து கடைசிப் பெஞ்சை மறைத்துவிடும். வருகைப் பதிவு எடுக்கும்போது குரலை வைத்துத்தான் ஆள் இருக்கிறதா இல்லையா என்று தெரியும். சாக்பீஸ் நமுத்துப்போய்க் கரும்பலகையில் வழுக்கும். நம் சட்டைகளில் எப்போதும் அடுப்புப் புகை வாசம். காயவைக்க வேறு இடம் ஏது?

கணக்கு சார் அந்த வருடம்தான் வந்தார். கீழ்நாட்டுக்காரர். அடிவாரத்தில் சொந்தக் காடு வைத்து வெள்ளாமை செய்யும் குடும்பம். வெள்ளிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் இறங்கிப் போனால் திங்கள் முதல் பஸ்ஸில் ஏறி வருவார். கையில் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர் இருக்கும். நமக்கு அதில் சினிமாப் பக்கம்தான் வேண்டும். அவருக்கு வேண்டியது கடைசிப் பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு இருந்த ஒரு கட்டம்.

பிரேயர் முடிந்ததும் அதைக் கரும்பலகையின் இடது ஓரத்தில் வரைவார். எட்டுக்கு எட்டு. ராஜாவுக்கு ‘ரா’ என்று போட்டார். ராணிக்கும் ‘ரா’ தானே வரும் என்று நம்மில் யாரோ கேட்டதால், ராணிக்குக் கடைசி எழுத்தை எடுத்து ‘ணி’ என்று போட்டார். யானைக்கு ‘யா’, மந்திரிக்கு ‘ம’, குதிரைக்கு ‘கு’, சிப்பாய்க்கு ‘சி’. கறுப்புக் காய் என்றால் எழுத்தைச் சுற்றி ஒரு வட்டம். அதன் கீழே அழகான கையெழுத்தில் எழுதுவார்: வெள்ளை ஆடி, இரண்டே நகர்த்தலில் மேட்.

மேட் என்றால் ராஜா தப்பிக்க ஒரு கட்டமும் இல்லாமல் சிக்கிக்கொள்வது. அதையும் காய்கள் போகும் விதத்தையும் ஒரே மத்தியானத்தில் சொல்லிக்கொடுத்தார். “எதிராளி இஷ்டத்துக்கு ஆட உட்ரக் கூடாது. நீ வெக்கற செக்குக்கு அவனுக்கு ஒரே ஒரு வழிதான் இருக்கோணும். அந்த வழியிலயும் நீ முன்னாடியே போயி நிக்கோணும்” என்றார். விடை தெரிந்தவர்கள் துண்டுத் தாளில் எழுதி, மூடியில் ஓட்டை போட்ட பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். வெள்ளிக்கிழமை டப்பாவைத் திறப்பார். சரியான விடை அடுத்த ஞாயிறு பேப்பரில் வரும். நீங்கள் டப்பாவில் சார் நடப்பது போலப் படமெல்லாம் வரைந்து போட்டீர்கள். அவரும் சிரித்துக்கொண்டே எடுத்து வைத்துக்கொண்டார்.

நம் பள்ளிக்கூடத்தில் செஸ் பலகை கிடையாது. காய்களும் கிடையாது. இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அந்த விளையாட்டு எப்படிப் பிடித்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தினமும் காலையில் ஃபாரஸ்ட் குவார்ட்டர்ஸுக்குப் பால் கொண்டுபோவேன். போக வர ஒன்றரை மணி நேரம், அட்டை கடிக்கிற ஒற்றையடிப் பாதை. தூக்குப் போசியின் கம்பி விரலை அறுக்கும். அந்த நடையில் கட்டம் தானாக மனசுக்குள் வந்து நிற்கும். ஒரு காயை நகர்த்திப் பார்ப்பேன், சரிவராது. வேறொன்றை நகர்த்துவேன். ஒருநாள் ஓடை தாண்டும்போது பளிச்சென்று தெரிந்தது. மூலையில் கறுப்பு ராஜா, சுற்றிலும் அவருடைய சிப்பாய்களே அடைத்துக்கொண்டு நிற்கின்றன. வெள்ளை ராணியைக் கொண்டுபோய் ராஜாவின் பக்கத்துக் கட்டத்திலேயே வைத்துவிட வேண்டும். ராஜா வெட்ட முடியாது, அங்கே என் குதிரை காவல் இருக்கிறது. அவருடைய யானைதான் வெட்டியாக வேண்டும். வெட்டிய யானை அங்கேயே நின்று, ராஜாவுக்கு இருந்த ஒரே வழியையும் அடைத்துவிடும். அப்போது குதிரை ஒரு தாவு தாவினால் மேட்.

ஓடைக்கு நடுவில் நின்று சத்தம் போட்டுச் சிரித்தேன். பால் கொஞ்சம் தளும்பிவிட்டது. ராணியைச் சாகக் கொடுத்து ஜெயிக்கலாம் என்பது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை டப்பாவில் என் தாள் ஒன்றுதான் விடையோடு இருந்தது. சார் அதைப் பார்த்தார், கரும்பலகையைப் பார்த்தார், திரும்பத் தாளைப் பார்த்தார். “எனக்கே வரல கண்ணு இது” என்றார். ஞாயிறு பேப்பரில் அதே விடை வந்தது. அப்புறம் ஒவ்வொரு வாரமும் என் தாள்தான். புரட்டாசி முடிகிறவரை ஒன்றுகூடத் தப்பவில்லை. மூன்று நகர்த்தல் கணக்குகளும் வந்தன, அவையும் தப்பவில்லை. நீங்கள் என்னை ‘ணி’ என்று கூப்பிட ஆரம்பித்தீர்கள்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை. ஊருக்குப் போகாமல் சார் எங்கள் ஊட்டுக்கு வந்தார். அப்பா மிளகுக் கொடிக்கு மண் அணைத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். கால் கழுவாமல் சார் முன்னால் நிற்கக் கூச்சப்பட்டு வாசலிலேயே நின்றுகொண்டார். அம்மா குச்சிக்கிழங்கு வேகவைத்துக் கொடுத்தாள்.

“நாமக்கல்ல ஜில்லாப் போட்டி வெக்கறாங்க. உங்க புள்ள மொத மூணுக்குள்ள வந்துட்டாப் போதும். கீழ ஒரு பள்ளிக்கூடத்துல ஆஸ்டலோட சீட்டுத் தருவாங்க. பன்னெண்டாவது வரைக்கும் சோறு, துணி, படிப்பு, எல்லாம் அவுங்களே பாத்துக்குவாங்க” என்றார் சார்.

“பொட்டப்புள்ளயத் தனியாக் கீழ உட்டுட்டு எப்பிடீங்க இருக்கறது?” என்றாள் அம்மா.

அப்பா காலில் ஒட்டியிருந்த மண்ணை வாசற்படியில் தேய்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். “உனக்கு அது வருமா சாமி?”

“வருங்கப்பா.”

“அப்பறமென்ன, போவட்டும்” என்றார்.

எட்டாவதோடு நின்றுபோக இருந்தவள் நான். ஒன்பதாவதுக்கு அவ்வளவு தூரம் நடந்து போக வேண்டும், வழி நெடுகக் காடு. அம்மா அதெல்லாம் ஆகாது என்று முன்பே சொல்லியிருந்தாள். அந்தச் சனிக்கிழமை எனக்கு என்னவாக இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். நம்மில் பாதிப் பேருக்கு அதே கதைதான்.

போட்டி அன்று முதல் பஸ்ஸில் சார் என்னைக் கூட்டிக்கொண்டு இறங்கினார். வளைவுகளில் திரும்பத் திரும்ப எனக்குக் குடல் மேலே வந்தது. அடிவாரத்துக் காரவள்ளி வருவதற்குள் நான்கு தடவை வாந்தி எடுத்தேன். சார் என் நெற்றியை உள்ளங்கையால் தாங்கிக்கொண்டார். அவருடைய வேட்டியில்கூடக் கொஞ்சம் பட்டது. “பரவால்ல சாமி, பரவால்ல” என்றார். கீழே இறங்கியதும் எலுமிச்சம்பழம் வாங்கி மோந்துபார்க்கக் கொடுத்தார். இன்றைக்கும் எலுமிச்சை வாசம் வந்தால் எனக்குக் கண் கலங்குகிறது. காரணம் கேட்டால் என் மகளிடம் ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறேன்.

போட்டி நடந்தது ஒரு பெரிய கல்யாண மண்டபத்தில். நீள நீளமான மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் பலகை, அதன் மேல் காய்கள். பெயர் கூப்பிட்ட இடத்தில் போய் உட்கார்ந்தேன். பலகையைப் பார்த்தேன்.

முப்பத்திரண்டு காய்களும் இருந்தன.

அதுவரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. பேப்பரில் வருவது பாதிக்கு மேல் காய்கள் விழுந்துபோன கட்டம். ராஜா ஏற்கெனவே தனியாக மாட்டிக்கொண்டு நிற்பார். நான் பார்க்க வேண்டியது கடைசி அடி மட்டும். இங்கே எல்லோரும் அவரவர் வரிசையில் நின்றார்கள். யாரும் யாரையும் தொடவில்லை. நடுவில் நாலு வரிசை காலியாகக் கிடந்தது. எங்கிருந்து ஆரம்பிப்பது? முதல் காயை எதற்காக நகர்த்துவது? சார் அதைச் சொல்லித் தரவே இல்லை. அவருக்கும் தெரியாது என்பது எனக்கு அப்போது தெரியாது. அவரும் பேப்பரில் கட்டம் பார்த்துப் பழகியவர்தான். முழு ஆட்டம் ஒன்றைக்கூட அவர் யாரோடும் ஆடியதில்லை. முடிவு தெரிந்தவளுக்கு ஆரம்பம் தெரியாமலா போகும் என்று நினைத்துவிட்டார். என் மகளின் பள்ளிக்கூடத்தில் செஸ் கற்றுக்கொடுக்க வருகிறவரிடம் பேசும்போதுதான் இதெல்லாம் எனக்குப் புரிந்தது. அதற்குள் இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

முதல் ஆட்டம் நாலே நகர்த்தலில் முடிந்தது. எதிரே இருந்த பையன் ராணியை என் ராஜாவின் பக்கத்தில் வைத்து “மேட்” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டான். ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்த சார், “மொத ஆட்டந்தான, அடுத்ததுல பாத்துக்கலாம்” என்றார். இரண்டாவதும் போயிற்று. “பசிச்சிருக்கும் உனக்கு” என்று சொல்லிப் போய் இட்லி வாங்கி வந்தார். எனக்கு இறங்கவில்லை.

மூன்றாவது ஆட்டத்தில் எதிரே உட்கார்ந்தவள் என்னைவிடச் சின்னப் பெண். மூக்குக் கண்ணாடி, இரட்டை ஜடை. அவளும் தடுமாறினாள். ரொம்ப நேரம் ஆடினோம். அவள் சிப்பாய் ஒன்று என் ராணியைத் தாக்கியது. பயந்துபோய் ராணியைத் தூக்கி ஓரத்தில் ஒளித்துவைத்தேன். அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் போயிற்று. கடைசியில் தோற்றேன்.

அவள் எழுந்து போகவில்லை. காய்களை மளமளவென்று நடு ஆட்டத்தில் இருந்தபடி அடுக்கினாள். “அக்கா, இங்க பாருங்க. நான் சிப்பாய் வெச்சப்ப நீங்க ஏன் ராணியப் பின்னாடி எடுத்தீங்க? இங்க மேட் இருந்துச்சே” என்றாள்.

மேட் இருந்தது என்று அவள் சொன்ன அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. ராணியைக் கடைசி வரிசைக்குக் கொண்டுபோய்ச் செக் வைக்க வேண்டும். அவளுடைய யானை வெட்டியாக வேண்டும். என் யானை அந்த யானையை வெட்டினால், தன் சிப்பாய்களுக்குப் பின்னால் ராஜா அடைபட்டுப்போவார். இரண்டே நகர்த்தல். பால் கொண்டுபோகும்போது ஓடை வருவதற்குள் போட்டுவிடுகிற கணக்கு.

“இருக்குதுன்னு தெரிஞ்சிருந்தாப் பாத்திருப்பேன்” என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. “அத யாருக்கா சொல்லுவாங்க?” என்று கேட்டாள். குத்தலாக இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

மீதி ஆட்டங்களும் தோல்விதான். நாலாவது ஆட்டத்திலிருந்து சார் ஜன்னல் பக்கம் வரவில்லை. நான் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்தேன். வெளியே வெயில் மட்டும் இருந்தது. அவர் திட்டியிருந்தால் தேவலை. மலை ஏறும்போது நான் வாந்தி எடுத்தேன், அப்போதும் நெற்றியைத் தாங்கிக்கொண்டார். ஆனால் ‘பரவால்ல சாமி’ என்று சொல்லவில்லை. அந்தக் கை மட்டும் நெற்றியில் இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை கரும்பலகையில் கட்டம் இல்லை. உங்களில் சிலர் என்னவென்று கேட்டீர்கள், சார் “நேரமில்ல” என்றார். ஆசிரியர் அறையில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது பிறகு நம் காதுக்கும் வந்தது. ஃபாரஸ்ட் ஆபீஸ் கிளார்க்குக்குச் செஸ் நன்றாக ஆடத் தெரியுமாம். அவர் ஊட்டுக்குத் தினமும் பால் ஊற்றுவது இந்தப் பெண்தானாம். அப்புறம் விடை எங்கிருந்து வந்திருக்கும்?

அந்தக் கிளார்க்கை நான் முகம் பார்த்ததுகூட இல்லை. அவர் மனைவி கதவை ஒரு சாண் திறந்து பாத்திரத்தை நீட்டுவாள், ஊற்றிவிட்டு வருவேன். இதை யார் என்னிடம் கேட்டார்கள்?

அந்த வெள்ளிக்கிழமை அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். சீட்டு என்னவாயிற்று என்று கேட்டுப் போகலாம் என்று வந்தவர். ஆசிரியர் அறை வாசலில், துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார். என்னையும் கூப்பிட்டார்கள்.

“ஏனுங்க சார், புள்ள தோத்துருச்சுன்னு சொல்லுச்சுங்க. அடுத்த தடவ ஏதாச்சும் வழி இருக்குதுங்களா?” என்றார் அப்பா.

சார் கேள்விப்பட்டதைச் சொன்னார். குரலை உயர்த்தாமல், தயங்கித் தயங்கி, கிளார்க் பெயரையும் சொன்னார். அப்பாவின் முகம் மாறியது. “என் புள்ள பொய் சொல்லாதுங்க சார்.”

“நானும் அப்பிடித்தாங்க நெனச்சேன். இப்பவும் அப்பிடித்தான் இருக்கோணும்னு பாக்கறேன்.” மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பேனாவால் கட்டம் வரைந்து காய் எழுதியிருந்தது. “இது எந்தப் பேப்பர்லயும் வந்ததில்ல, பழைய புஸ்தகத்துல இருந்து எடுத்தேன். மூணு நகர்த்தல். உங்க கண்ணு முன்னாலயே போடட்டும். போட்டுட்டா, அடுத்த மாசம் சேலத்துல போட்டி இருக்குது, நானே மறுபடியும் கூட்டிட்டுப் போறேன்.”

தாளை வாங்கினேன். முதலில் யானை. ராஜா ஒதுங்க ஒரே இடம். அங்கே மந்திரியின் செக், மறிக்க ஒரே சிப்பாய். அப்புறம் குதிரை. எழுத்தெல்லாம் எழுந்து நின்று வழிகாட்டியது போல இருந்தது. அப்பா ஒரு மூச்சு விட்டு முடிப்பதற்குள் பார்த்துவிட்டேன்.

பார்த்த கையோடு அந்த மண்டபமும் தெரிந்தது. நீள மேசைகள், முப்பத்திரண்டு காய்கள், ஆளில்லாத ஜன்னல். மறுபடியும் கூட்டிட்டுப் போறேன் என்கிறாரே.

“தெரியலீங்க சார்” என்றேன்.

“நல்லாப் பாரு. அவசரமில்ல.”

“தெரியலீங்க.”

அப்பா குனிந்து என் முகத்துக்கு நேராக வந்தார். அவர் மேல் மிளகுக்கொடி வாசம் அடித்தது. “பயப்படாத கண்ணு. நீதான எல்லாத்தையும் போட்ட? சாருகிட்டச் சொல்லு. சொல்லு சாமி.”

நான் தாளைச் சாரிடமே நீட்டினேன். சார் தாளை என் கையிலிருந்து மெதுவாக எடுத்து இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவர் கண்ணும் நனைந்திருந்தது போலத்தான் இருந்தது. அப்பா நிமிர்ந்து, துண்டை உதறித் தோளில் போட்டார், உடனே அதை எடுத்து மறுபடியும் அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

ஊட்டுக்குப் போகும் வழியில் அப்பா எனக்கு முன்னால் நடந்தார். பலாமரத்து மேட்டில் நின்றார். என்னைத் திரும்பிப் பார்க்காமலேயே கேட்டார்: “அங்க ஆளுக இருந்தாங்க, சொல்லல. சரி. எங்கிட்டச் சொல்லு. நீதான போட்ட?”

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அந்த நிமிடமே என்னை இழுத்துக்கொண்டு திரும்ப நடந்திருப்பார். எனக்கு அவரைத் தெரியும்.

“இல்லீங்கப்பா” என்றேன்.

“சரி” என்றார். நடந்தார். நான் பின்னாலேயே போனேன்.

மீதியை நீங்கள் அறிவீர்கள். எட்டாவது முழுப்பரீட்சையோடு நான் நின்றேன். சார் அந்தக் கோடையிலேயே மாற்றல் வாங்கிக்கொண்டு கீழே போய்விட்டார், எங்கே இருக்கிறார் என்று தெரியாது. கல்யாணம் ஆகி, மகள் பிறந்த பிறகு தனித்தேர்வு எழுதிப் பத்தாவது முடித்தேன். பால்வாடியில் வேலை கிடைத்தது. குறை சொல்ல ஒன்றும் இல்லை. அப்பாவும் நானும் அதற்கப்புறம் எவ்வளவோ பேசியிருக்கிறோம், சண்டை போட்டிருக்கிறோம். அந்தப் பேச்சை மட்டும் இரண்டு பேருமே எடுக்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டி, பிழைப்பது கஷ்டம் என்றாகித் தேறி வந்தார். தை மாத வெயிலில் வாசலில் கட்டில் போட்டு உட்கார்த்தி வைத்திருந்தேன். மிளகு காயப்போட்டிருந்த பாயில் காலால் துழாவிக்கொண்டிருந்தேன். என்ன தோன்றியதோ, சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் நான்தான் போட்டேன் என்று. அந்தத் தாளையும் போட்டுவிட்டேன், மனசுக்குள்ளேயே, பயத்தில் சொல்லவில்லை என்று.

அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்:

“அடுத்த நாளு கருவாழத் தாரு ஒண்ணு வெட்டித் தலையில வெச்சுக்கிட்டுப் போனேன் கண்ணு. அந்த வாரம் அவரு ஊருக்குப் போவல. புள்ள அறியாமப் பண்ணிருச்சு, மனசுல வெச்சுக்காதீங்க சார்னு கையெடுத்துக் கும்புட்டுட்டு வந்தேன்.”

“அவரு என்னுங்கப்பா சொன்னாரு?”

“ஒரு சீப்பு மட்டும் பிச்சு எடுத்துக்கிட்டாரு. மிச்சத்தத் திங்கக்கெழம மத்தியானச் சோத்தோட புள்ளைங்களுக்குக் குடுத்தர்றேன்னாரு.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். “உனக்கும் ஒண்ணு குடுத்திருப்பாங்களே.”

அப்பா போன வருடம் போய்விட்டார். சோற்றோடு நமக்குப் பழம் கொடுத்த ஒரு திங்கட்கிழமை உங்களில் யாருக்காவது நினைவிருந்தால் எனக்கு எழுதுங்கள். நானும் யோசித்துப் பார்க்கிறேன். வரிசையில் நின்றது நினைவிருக்கிறது, தட்டு நினைவிருக்கிறது. தின்றேனா என்று மட்டும் தெரியவில்லை.